மருந்துக்கடை வரிசையில பின்னாடி நின்ன அக்காவுக்கு

அப்பாவுக்கு வாரத்துக்கு 3 தடவை டயாலிசிஸ், அம்மாவுக்கு சுகர் வேற. அன்னைக்கு மருந்து பில்லைப் பாத்துட்டு எதை வாங்குறது எதை விடுறதுன்னே தெரியாம கண்ணு கலங்கி நின்னுட்டிருந்தேன், நீங்கதான் என் கையிலிருந்த காலி மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பி, கம்பெனி வெச்ச பேருக்குப் பக்கத்துல பொடி எழுத்துல இருந்த மருந்தோட மூலப்பேரை விரல் வெச்சு காட்டினீங்க. "இதே மருந்து ஜெனரிக்ல, அதாவது கம்பெனி பேர் இல்லாம மூலப்பேர்லயே, கம்மி விலைக்குக் கிடைக்கும்ப்பா, மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளு, காசு இல்லன்னு டோஸை மட்டும் நீயா குறைச்சுடாத"ன்னீங்க. நான் அதைத்தான் செய்ய இருந்தேன்க்கா, அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதோ! டாக்டர் 2 மாத்திரையை மாத்தி எழுதிக் குடுத்தார், இந்த மாசம் ஒண்ணுகூட விடாம வாங்கிட்டேன். பதட்டத்துல உங்க பேரைக்கூட கேக்கல. ரொம்ப ரொம்ப நன்றிக்கா.