தலைப்பைக் குறித்து ஒரு கடிதம்

தருமபுரி

அன்புள்ள நண்பா,

உன் மகளுக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்த செய்தி எங்கள் வீட்டில் எல்லோரையும் மகிழ்வித்தது. என் முழங்கால் வலி தணிந்திருக்கிறது.

அவள் எண்ணியிருக்கும் 'தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நடுகற்கள்' என்ற தலைப்புதான் எனக்குக் கவலை தருகிறது. பல்லவர் கால வட்டெழுத்துக் (பழைய தமிழ் எழுத்து முறை) கற்கள் முதல் விஜயநகரக் காலத்து எழுத்தில்லாச் சிற்பங்கள் வரை, ஆநிரைப் பூசலில் பட்டவன் (மாண்டவன்), புலி குத்திப் பட்டவன், உடன்கட்டை ஏறியவள், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கன்னடக் கல்வெட்டுகள் என அத்தனையும் இதற்குள் வந்துவிடும். நான் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு இதே போன்றதொரு தலைப்பை எடுத்தேன். ஊர் ஊராகச் சென்று கல்லின் நீள அகலங்களை அளந்து ஏடுகளை நிரப்பினேனே தவிர, அவற்றிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி என்னிடம் இல்லை. அந்த ஏடுகள் இன்றும் பரணில்தான் கிடக்கின்றன.

பரப்பை மாவட்டத்தால் வரையறுப்பதும் பொருந்தாது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். கல்வெட்டுகள் அறிந்ததோ தகடூர்நாடு, புறமலைநாடு என்னும் பிரிவுகளை. ஆகவே வட்டெழுத்துள்ள தொறுப்பூசல் (தொறு என்பது ஆநிரை) கற்களை மட்டும், அதுவும் அரூர் வட்டாரத்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, தொறுக்கொண்டவர் யார், மீட்டுப் பட்டவன் யாருடைய சேவகன், எந்த ஊரார் தொறு கவரப்பட்டது என்ற உறவுகளைக் கல்வெட்டின் சொற்களைக் கொண்டே அவள் ஆராயலாம். வீரன் பெயரை மட்டுமன்றி அவன் தலைவன் பெயரையும் அரசனின் ஆட்சியாண்டையும் பல கற்கள் கூறுவதால், இக்கேள்விக்கு விடை தேட இடமிருக்கிறது. தொல்காப்பியம் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை முதலிய நடுகல் நடும் நிலைகளை ஓர் இயலில் சுருக்கமாக வைத்தால் போதும்.

தலைப்பு மிகவும் குறுகிவிடுமோ என்று அவள் அஞ்சக்கூடும். பதிவு செய்வதற்கு முன்பே அச்சில் வந்த கல்வெட்டுப் பாடங்களை (படித்தெழுதிய வாசகங்களை) எடுத்து, இக்கேள்விக்கு உதவும் கற்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும்; போதவில்லையெனில் அடுத்த வட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பரந்த தலைப்பைப் பாதி வழியில் குறைப்பதற்கு, அதுவரை செய்த வேலையைக் கைவிட மனம் வர வேண்டும், எனக்கு வரவில்லை. வட்டெழுத்தையும் அவளே படிக்கக் கற்க வேண்டும். பிறர் படித்த பாடத்தை மட்டும் நம்பினால், சிதைந்த ஓர் எழுத்தில் ஐயம் வரும்போது அவளால் எதையும் முடிவு செய்ய இயலாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவளை இங்கே அனுப்பி வை. பரணில் உள்ள ஏடுகளை இறக்கித் துடைத்து வைக்கிறேன். அரூர்ப் பக்கத்துக் கற்களின் குறிப்புகள் மூன்றாவது ஏட்டில் இருக்கின்றன.

உன் அன்பு நண்பன்