வெள்ளிக்கிழமை வீடியோவில வா

கல்லடி

அன்பு மகனுக்கு,

இஞ்ச எல்லாரும் சுகம். அப்பாட முழங்கால் நோவு அப்பிடியேதான் கிடக்கு. ஊர்ப் புதினமெல்லாம் பிறகு எழுதுறன்.

உனக்குக் கொரோனா வந்து போனதை உன்ட அறைப்பொடியன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பனடோலைப் போட்டுட்டு மூண்டாம் நாளே வேலைக்கு இறங்கிட்டாயாம். டோஹாவில உன்னைப்போல வேலை செய்ய ஆளில்லை எண்டு அவன் சொல்ல எனக்குப் பெருமைதான், கோவமும்தான். அதுக்குப் பிறகு நீ கோல் எடுக்கிறல்ல. "ஓம்", "சாப்பிட்டன்" எண்டு எழுத்து மட்டும் வருது. கேட்டா நெட் சரியில்லையாம். சரி, நெட்டாத்தான் இருக்கும்.

சின்னவள் ஆஸ்பத்திரி வாட்டில நிக்கிறவள்தானே, அவளைக் கேட்டன். இந்தக் காய்ச்சல் இரத்தத்தைக் கட்டிபட வைக்குமாம். கட்டி போய் மூளைக் குழாயை அடைச்சா பாரிசவாதம். அம்மாள் வருத்தத்துக்கு, அதான் கொப்புளிப்பானுக்கு, பிறகும் சிலபேருக்கு வாறதாம். 2020இல நியூயோர்க்கில ஒரே ஆஸ்பத்திரிக் குழுமத்துக்கு ரெண்டு கிழமைக்குள்ள கொரோனாவோட அஞ்சு பேர் இப்பிடி வந்தவங்களாம், எல்லாரும் 50க்குக் கீழ. அதில 33 வயசுப் பிள்ளை ஒண்டு, கதை குழறி, இடக்கை இடக்கால் விறைச்ச பிறகும், கொரோனாப் பயத்தில ஆஸ்பத்திரிக்குப் போகாம 28 மணித்தியாலம் வீட்டிலயே இருந்திருக்கு. கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணித்தியாலத்துக்குள்ள போகவேணும் மனே. எப்பவாவது ஒருத்தருக்குத்தான் வருமாம், அதையும் சின்னவள் சொன்னவள். என்ட காதில அது ஏறல்ல.

வாய் கோணினா, கை தூக்கேலாட்டி, கதை குழறினா, மணியைப் பாத்து வை, 999க்கு அடி. கொஞ்சத்தில தானாச் சரியாப் போனாலும் போ. எண்ணெய் பூசிக்கொண்டு படுக்காத, பெரியப்பாட கதை உனக்குத் தெரியும். அஸ்பிரினும் போடாத, அடைப்பா கசிவா எண்டு ஸ்கேன் பாத்தாத்தான் தெரியுமாம். மணியைப் பாத்து வை.

சம்பளம் வெட்டுவாங்க எண்டு யோசிக்காத. இந்த மாசம் காசு வராட்டியும் பரவாயில்ல. கூரை ஓடுகளை மாரிக்கு முன்ன மாத்தினாப் போதும்.

உன்ட மருமகள் நடக்கத் தொடங்கிட்டாள். மாமா எங்க எண்டா போனைக் காட்டுறாள். வெள்ளி லீவுதானே, வீடியோவில வந்து அவளுக்கு ரெண்டு கையையும் மேல தூக்கி டாட்டா காட்டு. பல்லுத் தெரியச் சிரி. அவளுக்கு ஒரு பாட்டும் படி. முகத்தில லைட் படுற பக்கமா இரு. போட்டோ அனுப்பிச் சமாளிக்காத.

அம்மா