பழங்குடிப் பாடிகளுக்கு வரும் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
பணியர், காட்டுநாயக்கர் பாடிகளின் தாய்மார்களும் இளைஞர்களும்,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
உதகமண்டலம்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

இதே கோரிக்கையை முன்பு வேறு அதிகாரிகளிடம் கொடுத்து ரசீதும் வாங்கி வைத்திருக்கிறோம். பதில் இல்லை. அதனால் தங்களிடம் வருகிறோம். சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லி பக்கம் எங்கள் பாடிகள் எப்படி இருக்கும், மழையில் எஸ்டேட் ரோட்டில் வண்டி எதுவரை வரும், இருட்டினால் யானைக்குப் பயந்து ஏன் வெளியே வரமாட்டோம் என்பதெல்லாம் தாங்கள் அறிந்ததே.

இந்த முறை வீடோ ரோடோ கேட்கவில்லை. அதற்கு 2023-இல் எங்களைப் போன்ற பழங்குடிகளுக்கென்று மத்திய அரசின் பிஎம் ஜன்மன் திட்டம் வந்திருக்கிறது. குழந்தை நலம், சத்துணவு, சுகாதாரம் என்று எங்கள் வாசலுக்கு அரசு அனுப்புகிறவர்களுக்கு முறையான பயிற்சி கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். அவர்களில் நல்ல மனசுக்காரர்கள் நிறையப் பேர். ஆனால் எங்களைப் பற்றி எதுவும் சொல்லித் தராமலே அனுப்பிவிடுகிறார்கள்.

1. பணியர் வீட்டில் பேசுவது தமிழ் அல்ல. காட்டுநாயக்கருக்கும் தனிப் பேச்சு உண்டு. வேகமாகத் தமிழில் கேட்டால் வயதானவர்களுக்குப் பாதிதான் புரியும். அதற்காக எஸ்டேட் மேஸ்திரியைக் கூட்டி வந்து பேச வைக்கிறார்கள். கூலி போடுகிற ஆளை எதிரில் வைத்துக்கொண்டு கூலி பாக்கியைப் பற்றியோ புருஷன் குடியைப் பற்றியோ ஒரு பெண் எப்படி வாய் திறப்பாள்?

2. எங்கள் முன்னோர்களை நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றிய காலம் ஒன்று இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. ஆனாலும் அதிகாரியைப் பார்த்தால் தலைகுனிந்து நிற்கிற பழக்கம் பெரியவர்களுக்கு இன்னும் போகவில்லை. எதைக் கேட்டாலும் பயத்தில் தலையாட்டுவார்கள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கைரேகை வாங்கிப் போய்விடுகிறார்கள்.

3. எங்களால் தாங்கவே முடியாதது இதுதான். எடை போடும்போது குழந்தை எடை குறைந்திருந்தால், "வளர்க்கத் தெரியலேன்னா ஹோம்ல போட்டுடுவோம்" என்கிறார்கள். ஹோம் என்றால் குழந்தைகள் இல்லம். சொல்கிறவர் மிரட்டுவதற்காகச் சொல்லலாம். கேட்கிற தாய்க்கு அது எப்படித் தெரியும்? ஜீப் சத்தம் கேட்டாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குள் ஓடுகிறார்கள். கொட்டுகிற ஆடி மழையில் கைக்குழந்தையோடு புதருக்குள் உட்கார்ந்து, வண்டி போன பிறகு வீட்டுக்கு வருகிறார்கள். அன்றைக்குப் போட வேண்டிய தடுப்பூசி போச்சு, சத்துமாவு பாக்கெட் போச்சு. காய்ச்சலில் கிடந்த குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஒரு தாய் வீட்டிலேயே வைத்திருந்தாள். அந்தப் பிள்ளை பிழைத்தது தெய்வச் செயல். இதற்கெல்லாம் ரிப்போர்ட்டில் எழுதுவது என்ன தெரியுமா? "ஒத்துழைப்பு இல்லை." பெற்றவளை விரட்டியடித்துவிட்டு இப்படி எழுத எப்படி மனம் வருகிறது? குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. வருகிறவர்களுக்கு அதை யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? மாவு கொடுக்க வருகிறவர் வாயில் ஹோம் என்ற பேச்சே வரக்கூடாது. இதை மட்டுமாவது உடனே நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம்.

4. எங்கள் ஜனங்களில் சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. குளிர் ஏறினால் கை கால் எலும்பெல்லாம் வலித்துச் சுருண்டுவிடும் பிள்ளைகளைச் சோம்பேறி, பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கிறது என்று திட்டுகிறார்கள். அந்த வலி என்னவென்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டாமா?

5. சாதிச் சான்று கேட்டால் தாசில்தாரைப் பார் என்கிறார்கள். பழங்குடிக்குக் கொடுப்பவர் கோட்டாட்சியர். இதுகூடத் தெரியாமல் வருகிறார்கள்.

ஆகவே, எங்கள் பாடிகளுக்கு வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும், வருவதற்கு முன்பே பயிற்சி தர வேண்டும். தமிழ்நாட்டின் ஆறு தொன்மைப் பழங்குடிகளும் இருக்கிற மாவட்டம் இது. முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையமும் இருக்கிறது. அங்கேயே நடத்தலாம். சொல்லிக்கொடுக்க எங்கள் பாடித் தலைவர்களான மூப்பன்மார்களையும் தாய்மார்களையும் அழையுங்கள், அவர்களுக்கு ஒரு நாள் கூலியாவது கொடுங்கள். எங்கள் பாடிகளில் படித்துவிட்டுத் தேயிலை பறிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். மேஸ்திரிக்குப் பதிலாக அவர்களைச் சம்பளத்துக்கு வைத்துக் கூட அனுப்புங்கள். பயிற்சி ஒரு நாள் கூட்டம், டீ, போட்டோ என்று முடிந்துவிடக் கூடாது. பாடியில் வந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

அதுவரை, ஹோம் என்று மிரட்டக் கூடாது என ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புமாறு மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். ஊட்டி வந்து போனால் ஒரு நாள் கூலி போகிறது. தயவுசெய்து இந்த மனுவுக்காவது எழுத்தில் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாடி மக்கள்
(கையெழுத்தும் கைரேகையும் பின்பக்கம்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல்கள்