நோன்புப் படம் பார்த்தேன்

அன்பு மகளுக்கு, ஆத்தா எழுதுவது.

நீ அனுப்பிய பிள்ளையார் நோன்புப் படம் வந்தது. ஆவாரம்பூவுக்கு அந்த ஊரில் எங்கே போவாய், ஏதோ மஞ்சள் பூவை வைத்திருக்கிறாய், பிள்ளையார் கோபிக்க மாட்டார். பணியாரம் மட்டும் ஓரம் கருகியிருக்கிறது, கருப்பட்டி போட்டால் தீயைக் குறைக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அந்தப் படத்துக்கு அப்புறம் நான் அனுப்பிய நாலு செய்திக்கும் நீலக்கோடு விழுந்தது, பதில்தான் இல்லை. போனில் பிடித்தால் "அப்புறம் கூப்பிடுறேன் ஆத்தா" என்கிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வகுப்புப் பிள்ளைகள் இப்போதுதான் போனார்கள், முகப்பில் ஓலைக் குப்பையைக்கூட இன்னும் கூட்டவில்லை.

மாப்பிள்ளை நலமா? போன குளிருக்கே இருமல் என்றாயே.

உன் சனிக்கிழமை வகுப்பைப் பற்றி நீ எழுதியதை அப்பச்சிக்கும் வாசித்துக் காட்டினேன். நூற்கக் கற்றுக்கொடுக்கிற அந்த அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, இன்னும் ராட்டையை விடவில்லை என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இங்கே உன் ஆத்தாவும் நாற்பது வருஷமாகப் பனையோலைக் கொட்டான் பின்னலும் குரோஷாவும் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள், நீ ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாயா? சரி விடு. லீட்ஸுக்குப் போய் ஆட்டு மயிரில் உட்கார வேண்டும் என்று இருந்திருக்கிறது. அது என்ன ஆடு, ப்ளூஃபேஸ்டு லெஸ்டர், நீலமூஞ்சி ஆடு! அப்பச்சி சிரித்து அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

நூல் அறுந்து அறுந்து போகிறது என்று எழுதியிருந்தாய். நான் ஆதாரப் பள்ளியில் தக்ளிக் கதிரில் நூற்றவள், அதனால் சொல்கிறேன். எங்கள் பஞ்சு நார் ஒரு அங்குலம்தான் இருக்கும், முறுக்கு குறைந்தால் கையோடு வந்துவிடும். உன் கம்பளி நார் நாலு அங்குலம், அதற்கு அவ்வளவு முறுக்கு வேண்டாம், ஆனால் இழுப்பது முதலில், முறுக்கு பிறகு. முறுக்கு ஏறிய இடத்தைப் பிடித்து இழுத்தால் அறுபடத்தான் செய்யும். நூற்றதைக் கொஞ்சம் தளர விட்டுப் பார், தன்மேல் தானே சுற்றிக்கொண்டால் முறுக்கு போதும். இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கும்போது நூற்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் நிற்காது. அந்த அம்மாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். நேரத்துக்குச் சாப்பிடு.

திரியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றிருந்தேன். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். திரி பழுப்பாகத் தெரிகிறது. கோடி வேட்டியில் எடுத்த இழை வெள்ளையாக அல்லவா இருக்கும்? மாப்பிள்ளைக்கென்று போன தீபாவளிக்கு அனுப்பிய வேட்டி பெட்டியில் இருந்திருக்குமே, தினம் ஒரு இழையாக இருபத்தோரு நாளும் அதிலிருந்துதானே எடுப்போம். நீயே நூற்ற கம்பளியா? அப்படியென்றால் அது சரியாக எரியாது, மயிர் கருகுகிற வாடைதான் வந்திருக்கும். முறுக்கும் அதிகம், அவ்வளவு முறுக்கினால் நெய் ஏறாது. தட்டில் திரி வைத்துப் பிடித்த இழைமாவு ஒன்றுதான் இருந்தது. மற்றது படத்தில் விழவில்லை போலிருக்கிறது. இழையைப் பெரியவர் கையால் வாங்கி எடுத்துக்கொள்வதுதானே வழக்கம், அங்கே நம்மவர்கள் கூடுகிற இடத்துக்குப் போயிருக்கலாம், போன வருஷம் இரண்டு பேருமாகப் போனீர்களே.

குளிருக்குக் கம்பளிச் சட்டை போடு. காலுறை இல்லாமல் தரையில் நடக்காதே.

ஃபெல்ட் செய்த பை அழகாக இருக்கிறது. வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க நார் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது, பத்து அங்குலம் விரித்தது ஏழு அங்குலமாகச் சுருங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். கம்பளி நாரில் செதில் இருக்கிறது, அது பிடித்துக்கொள்ளும். பஞ்சை நீ எத்தனை நாள் தேய்த்தாலும் அப்படி ஆகாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தைக்கப்போகிற போர்வைக்கு நடுவில் கம்பளி வைக்கப் போகிறேன் என்றாயே, அதை வெந்நீரில் அலசிவிடாதே. மேலே கண்டாங்கிச் சேலைத் துணி அப்படியே இருக்கும், உள்ளே கம்பளி மட்டும் சுருங்கும், போர்வை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். பச்சைத் தண்ணீர், தேய்க்காமல் அமுக்கிப் பிழி.

அந்தப் போர்வை அகலம் மூன்றடி என்று எழுதியிருந்தாய். மூன்றடி ஒரு ஆளுக்குத்தானே காணும்.

நூற்கிற அம்மா கோணலாகப் போன வரியைப் பிரிக்க விடமாட்டார், அதை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த வரியை ஒழுங்காகச் செய் என்பார் என்று மெச்சி எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொட்டானுக்கு அடி கோணினால் மூலை உட்காராது, மூலை உட்காராவிட்டால் வாய் சாயும். ஓலை காய்ந்தால் ஒடியும், அதனால் ஈரத்திலேயே பிரித்துவிட வேண்டும். இதை என் பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறேன். இன்றைக்கும் ஒரு பெண்ணின் கொட்டானைப் பிரிக்கக் கையில் எடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தேன், வைத்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். உன் அயித்தை மகள் கல்யாணத்துக்குச் சீர் வைக்க நீ ஒரு கொட்டான் பின்னினாய், பதினொரு வயது. சிவப்புச் சாயம் விரல் நகமெல்லாம் ஏறியிருந்தது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ராத்திரி நீ தூங்கின பிறகு நான் அதைப் பிரித்து, அதே ஓலையை நனைத்து, நேராகப் பின்னி வைத்தேன். காலையில் எல்லாரும் உன்னைத்தான் மெச்சினார்கள். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாய். அதற்கப்புறம் நீ ஓலையைத் தொடவேயில்லை. பிடிவாதக்காரி, அப்பச்சி வழி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அது போகட்டும். எழுத உட்கார்ந்ததே வேறு ஒன்றுக்கு.

கல்யாணமான முதல் வருஷம், ஒரு நாள் மத்தியானம் நீ போன் பண்ணினாய். பட்டாலையில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள், நான் பலகாரத் தட்டோடு நின்றிருந்தேன். "ஆத்தா, கொஞ்ச நாளைக்கு நான் அங்கே வந்து இருக்கட்டுமா" என்றாய். நான் "லைன் சரியில்லை, கேட்கலே, கேட்கலே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ மூச்சு விட்டது வரைக்கும் கேட்டது.

அவர்கள் எழுந்து போனதும் கூப்பிட்டிருக்கலாம். சாயங்காலம் கூப்பிட்டிருக்கலாம். நீயும் திரும்பப் பேசவில்லை, சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பச்சியிடம்கூட இதுவரை சொன்னதில்லை. இத்தனை வருஷமும் நீ எப்போது போன் பண்ணினாலும் நான் முதலில் சமையலைப் பற்றிக் கேட்பது அதனால்தான், நீ வேறு எதையும் ஆரம்பித்துவிடக் கூடாது என்று பயம்.

இப்போது ராத்திரியும் போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன். வீட்டின் இரண்டாம் கட்டில் உன் அறையைத் திறந்து பூச்சுக்காரரை விட்டுப் பார்க்கச் சொன்னேன், மழைக்கு ஒழுகின இடத்தை அடைத்துவிட்டார்கள். பங்காளிகள் கேட்டார்கள், யார் வருகிறார்கள் என்று. வீடு என்றால் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்றேன்.

அப்பத்தா கண்டாங்கியில் கத்தரி வைக்க மாட்டேன் என்று போன மாதம் உன்னிடம் சண்டை போட்டேன். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கு முன்பே நெய்த சேலை, இப்போது அந்த அழுத்தத்தில் நெய்ய ஆள் குறைவு, விசைத்தறியில் கட்டத்தை மட்டும் காப்பியடித்து விற்கிறார்கள் என்றெல்லாம் காரணம் சொன்னேன். நேற்று எடுத்து வெட்டிவிட்டேன். அரக்கும் கடுகு மஞ்சளும் ஒரு சேலை, கருப்புக் கட்டம் ஒரு சேலை. கட்டத்துக் கோட்டைப் பிடித்தே வெட்டினேன், அதனால் எல்லாம் நேராக இருக்கும். ஆறரை அங்குலம், தையலுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் போக ஆறு நிற்கும். அகலத்துக்கு ஆறு, நீளத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் எழுபத்திரண்டு துண்டு. மூன்றடிக்குத்தான் வெட்டியிருக்கிறேன். பெரிய கரையைத் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன், அதை ஓரத்துக்கு வை, தடிமனாக இருக்கும், ஊசி பார்த்துப் போடு.

கருப்புத் துண்டுகளைத் தைப்பதற்கு முன்னால் தனியாக ஒரு தடவை நனைத்துப் பார். பழைய சாயம், இன்னும் விட்டாலும் விடும்.

ஆத்தா