அறுந்த கம்பி

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

போன ஞாயிறு காலை 8 மணிக்குப் போன் செய்தேன், தூக்கக் குரலில் பேசினாய். வேலை அலுப்பாக இருக்கும். நீ இருக்கிற தெருவுக்குப் பின்னாலேயே நம் ஆலயம் ஒன்று இருப்பதாகப் பெரியப்பா சொன்னார். சும்மா சொல்லிவைக்கிறேன். முன்பெல்லாம் பாட்டைப் பதிவு செய்து அனுப்புவாய், ஈஸ்டருக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கிதார் பீரோ மேல், அம்மாவின் பழைய தலையணை உறைக்குள் இருக்கிறது. முந்தாநாள் நடுராத்திரி 'டங்'கென்று சத்தம். எழுந்து பார்த்தால் ஒரு கம்பி அறுந்து சுருண்டு கிடக்கிறது. யாரும் தொடவே இல்லை.

வகுப்பில் 45 பேரில் நீ ஒருவன்தான் வேதக்காரப் பையன். "உங்க பாட்டு ஒண்ணு பாடுடா" என்று கேலி செய்தவர்கள், மறுநாளும் கேட்டு வாங்கினார்கள் என்று டீச்சர் சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்படிப் பாடினவனை நம் ஆலயத்தில்தான் பாடவிடவில்லை.

கீர்த்தனையை விட்டுவிடாதே. மற்றதையும் பாடு, நான் வேண்டாமென்று சொல்லவில்லை, கீர்த்தனையை மட்டும் விட்டுவிடாதே. நம் கீர்த்தனைகளை எழுதின வேதநாயக சாஸ்திரியார், மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சாவூர் சரபோஜி ராஜாவோடு படித்தவர் என்று நான் ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவாய். ஒருநாள் மட்டும் போகாமல் நின்றாய். "குறவஞ்சின்னா குறத்தி ஆடிப் பாடுற நாடகம்தானே? அதை எடுத்து அவர் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடலாம், நான் கிதார் எடுத்தா தப்பாப்பா?" என்றாய். எனக்குப் பதில் வரவில்லை. பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று சத்தம் போட்டேன்.

வாலிபர்கள் ஆராதனையில் கிதார் வாசிக்கலாமா என்று கூடிப் பேசிய அன்று, "கமிட்டி வேண்டாம்னு சொல்லிடுச்சு" என்று வந்து சொன்னேன் அல்லவா? இரண்டு பக்கமும் சமமாக நின்றது தம்பி. கடைசியாக வேண்டாமென்று கை தூக்கியது நான். அம்மாவுக்குக்கூட இது தெரியாது. 22 வருஷமாக ஆர்மோனியத்தில் உட்கார்ந்தவனுக்கு அந்த ஸ்டூலை விட மனசு வரவில்லை. கீர்த்தனையைக் காப்பாற்ற என்று பேசியதெல்லாம் அப்புறம் சேர்த்துக்கொண்டதுதான்.

நேற்று கம்பி வாங்கப் போனேன். நைலானா ஸ்டீலா, எத்தனையாவது கம்பி என்று கடைக்காரர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுது, வாங்கி வைக்கிறேன்.

அப்பா