ஒரு இழை அறுந்தாலும் தறி நிற்க வேண்டும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடந்த ஆறேழு மாதமாக நம் பட்டறையில் வண்டி விட்டால் திரும்பக் கைக்கு வர முன்பைவிட நேரமாகிறது. காலையில் விட்டு மாலையில் எடுத்துப் பழகியவர்கள் இப்போது மறுநாள் வர வேண்டியிருக்கிறது. சிலர் நேரிலேயே கேட்டீர்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டு போனீர்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் சொன்னது இதுதான்: "டொயோட்டா வண்டி தானுங்களே, அதுக்கு என்ன ஆயிடப் போகுது? ஆயிலை மட்டும் மாத்திக் குடுங்க, போதும்."

அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளம். நம்மிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் டொயோட்டாவின் குவாலிஸ், இன்னோவா. அந்தப் பெயருக்கு இவ்வளவு மதிப்பு எப்படி வந்தது என்று தெரிந்தால், நாங்கள் எதற்காக நேரம் எடுக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவர்கள் நாம். டொயோட்டா ஒரு தறிக்காரர் வீட்டில் பிறந்த கம்பெனி என்பதை நம்மைவிட நன்றாக யார் புரிந்துகொள்ள முடியும்? சகிச்சி டொயோடா என்பவர் 1867இல், ஜப்பானில் இன்றைக்குக் கோசாய் என்கிற ஊரில், ஒரு தச்சர் மகனாகப் பிறந்தார். அந்தப் பக்கம் வீட்டுப் பெண்கள் கைத்தறி நெய்வார்கள். அந்தத் தறியை எப்படிச் சுலபமாக்கலாம் என்பதே அவருக்கு வாழ்நாள் முழுக்க வேலை. 1891இல் மரக் கைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். 1896இல் விசைத்தறி செய்தார். அந்த விசைத்தறியில் ஒரு சின்ன ஏற்பாடு இருந்தது. ஊடை நூல், அதாவது குறுக்கே ஓடும் நூல், அறுந்தாலோ தீர்ந்தாலோ தறி தானாக நின்றுவிடும்.

தறி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இழை போனது தெரியாமல் தறி ஓடினால் துணி வந்துகொண்டேதான் இருக்கும். பார்வைக்குத் துணி மாதிரியே இருக்கும். வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால்தான் பழுது தெரியும். அதற்குள் எத்தனை மீட்டர் போயிருக்குமோ! 1924இல் அவரும் மகன் கீச்சிரோவும் சேர்ந்து செய்த தானியங்கித் தறியில் பாவுக்கும், அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளுக்கும், இதே காவல் வந்துவிட்டது. ஒவ்வொரு பாவு இழையிலும் மெல்லிய தகடு ஒன்று தொங்கும். இழை இழுவையோடு இருக்கும் வரை தகடு மேலே நிற்கும். அறுந்தால் கீழே விழும், விழுந்தவுடன் தறி நின்றுவிடும். ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தால் ஓடுகிற ஓட்டத்திலேயே அடுத்த நாடா ஏறிக்கொள்ளும். இழை அறுந்ததா என்று ஆள் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்கத் தேவையில்லாததால், ஒரே ஆள் பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. உலகத்துக்கே நெசவு இயந்திரம் அனுப்பிக்கொண்டிருந்த இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி 1929இல் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்து இந்தத் தறியின் உரிமையை வாங்கியது. யாரிடம் தொழில் கற்க வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களோ, அவர்களே வந்து வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டே சகிச்சி காலமானார். கீச்சிரோவுக்கு மனமெல்லாம் கார். 1933இல் தறிக் கம்பெனிக்குள்ளேயே கார்ப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1935இல் முதல் லாரி வந்தது. இன்றைக்கு "டொயோட்டா நிற்காது" என்கிறோம். அந்த முதல் லாரிகள் ரோட்டில் அடிக்கடி நின்றன. அச்சுப் பகுதி உடைந்தது, வேறு வேறு பாகம் போனது. கம்பெனி ஆட்கள் வண்டி நின்ற இடத்துக்கே போய்ச் சரிசெய்து கொடுத்தார்கள். எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்த்து அடுத்த வண்டியில் அதை மாற்றினார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பெயர் அங்கேதான் பிறந்தது.

1937 ஆகஸ்ட் 28இல் கார்க் கம்பெனி தனியாகப் பதிவானது. டொயோடா என்பது குடும்பப் பெயர், விளைச்சல் மிகுந்த வயல் என்று பொருள் வரும். கம்பெனிக்கு மட்டும் அதை டொயோட்டா என்று மாற்றிக்கொண்டார்கள். ஜப்பானிய எழுத்தில் அப்படி எழுதினால் எட்டுக் கோடு வரும், எட்டு அவர்களுக்கு ராசியான எண்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கம்பெனி கிட்டத்தட்ட மூழ்கும் நிலைக்கு வந்தது. வண்டி விற்ற பணம் வரவில்லை, சம்பளம் கொடுக்க முடியவில்லை. யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டேன் என்று கீச்சிரோ சொல்லியிருந்தார். 1950இல் அந்த வார்த்தையைக் காப்பாற்ற முடியாமல் போயிற்று. இரண்டு மாதம் வேலைநிறுத்தம் நடந்தது, சுமார் 1,600 பேர் வெளியேறினார்கள். அவர்களோடு கீச்சிரோவும் தலைவர் பதவியை விட்டு விலகினார். அதே மாதக் கடைசியில் கொரியப் போர் தொடங்கியது. அமெரிக்க ராணுவத்திடமிருந்து லாரி ஆர்டர் குவிந்து கம்பெனி பிழைத்துக்கொண்டது. கீச்சிரோ அந்த நல்ல காலத்துக்குள் திரும்பி வரவில்லை. 1952இல் 57 வயதில் இறந்துவிட்டார். ஆட்களை வைத்துத் தொழில் நடத்துகிற எவருக்கும் இந்த இடத்தைப் படிக்கும்போது தொண்டை அடைக்கும். எனக்கு அடைத்தது.

அப்புறம் வந்தவர் தாயிச்சி ஓனோ. இவரும் டொயோடாவின் நெசவாலையில் வேலை பார்த்துவிட்டு 1943இல் கார் பக்கம் மாறியவர். இழை அறுந்தால் தறி நிற்கிறதே, கார்த் தொழிற்சாலையில் தப்பு நடந்தால் ஏன் வேலை நிற்பதில்லை என்று அவர் கேட்டார். அதிலிருந்து வந்ததுதான் அந்தக் கயிறு. வண்டிகள் வரிசையாக நகர்ந்து வரும். தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். போல்ட் சரியாக ஏறவில்லை, பாகம் பொருந்தவில்லை என்று யாருக்குத் தோன்றினாலும், நேற்றுச் சேர்ந்த பையனாக இருந்தாலும், கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், மேஸ்திரி ஓடி வருவார். அந்த வண்டி குறிப்பிட்ட இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகவில்லை என்றால் வரிசையே நிற்கும். இழுத்தவனை யாரும் திட்டக் கூடாது.

நின்றால் மட்டும் போதாது, ஐந்து தடவை 'ஏன்' கேள் என்பார் ஓனோ. அவர் சொன்ன உதாரணம் நம் பட்டறைக்கே சொன்னது போல இருக்கும். ஒரு இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? லோடு அதிகமாகி ஃபியூஸ் போய்விட்டது. லோடு ஏன் அதிகமானது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பம்ப் சரியாக எண்ணெயை இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? பம்பின் தண்டு தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உள்ளே உலோகத் தூள் போயிருக்கிறது. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் புது ஃபியூஸ் போட்டு அனுப்பியிருப்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை அதே இயந்திரம் நின்றுகொண்டே இருந்திருக்கும். பேட்டரி இறங்குகிறது என்று வந்தால் பேட்டரியை மட்டும் மாற்றித் தராமல், ஆல்டர்நேட்டரையும் எர்த் வயரையும் நாங்கள் ஏன் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு இதுதான் காரணம்.

வெளிநாட்டில் அவர்கள் ஜெயித்த கதை உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் முதல் முயற்சி தோல்வி. 1957இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன கிரவுன் கார் அங்கத்து நெடுஞ்சாலை வேகத்துக்குத் தாங்கவில்லை. 1960இல் கார் ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். குறையைத் திருத்தி, சில ஆண்டு கழித்து கொரோனா என்ற காரோடு திரும்பப் போனார்கள். 1966இல் கொரோலா வந்தது. இதுவரை ஐந்து கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. நம் நாட்டில்கூட அந்தக் குழுமம் காருக்கு முன்னால் நூலோடுதான் வந்தது. 1995இல் பெங்களூர் பக்கம் கிர்லோஸ்கரோடு சேர்ந்து நூற்பு இயந்திரக் கம்பெனி, 1997இல்தான் கார்க் கம்பெனி. 2000இல் குவாலிஸ், 2005இல் இன்னோவா. மற்றது நம் ஊர் டிராவல்ஸ்காரர்களுக்குத் தெரியும்.

சரி, இவ்வளவு பெருமையும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உலகத்திலேயே அதிக வண்டி விற்கும் கம்பெனி ஆன சமயத்தில்தான் அந்தப் பெயருக்குப் பெரிய அடி விழுந்தது. 2009இலும் 2010இலும் ஆக்சிலரேட்டர் தரைவிரிப்பில் மாட்டிக்கொள்வது, அழுத்திய பெடல் சரியாகத் திரும்பாதது என்று லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். உயிர்களும் போயின. கீச்சிரோவின் பேரன் அகியோ டொயோடா 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து மன்னிப்புக் கேட்டார். பாதுகாப்பு முதலில், தரம் அடுத்து, எண்ணிக்கை கடைசியில் என்று இருந்த வரிசை, வேகமாக வளர்ந்ததில் குழம்பிவிட்டது என்று ஒத்துக்கொண்டார். குறையைப் பற்றி உண்மையை மறைத்ததற்காக 2014இல் 120 கோடி டாலர் கட்ட வேண்டியும் வந்தது.

அதோடு முடியவில்லை. 2023 டிசம்பரில் துணை நிறுவனமான டைஹாட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது வெளியே வந்தது. 2024 ஜனவரியில் டீசல் எஞ்சின் சக்தி சோதனையில் முறைகேடு என்று இன்னொரு நிறுவனம் மாட்டியது. எந்த நிறுவனம் என்று பார்த்தால், 1926இல் சகிச்சியின் தறிக்காகத் தொடங்கிய அதே கம்பெனி. இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் எஞ்சின்களும் அதில் இருந்ததால் இங்கேயும் சில நாள் வண்டி அனுப்புவதை நிறுத்தி வைத்தார்கள். அப்போது உங்களில் பலர் பதறிப்போய் எனக்குப் போன் செய்தீர்கள். மறுபடி சோதித்ததில் வண்டிகள் அளவுக்குள்தான் இருக்கின்றன, ஓட்டுவதை நிறுத்த வேண்டாம் என்று கம்பெனி சொன்னது. அதைத்தான் நானும் உங்களிடம் சொன்னேன். வண்டி நன்றாக இருக்கிறது என்பது ஒன்று, சோதனைத் தாளில் உண்மை எழுதுவது வேறொன்று. இழை அறுந்தால் நின்றுவிடும் தறியைச் செய்த கம்பெனி, அறுந்த இழையை மறைத்தது என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

ஆனால் அந்த வருத்தத்தைச் சொல்லும் உரிமை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற தைப்பூசத்துக்கு முதல் நாள், நம் பட்டறையில் ஒரு இன்னோவா. விடியற்காலை குடும்பத்தோடு பழனி போகிற வண்டி. வீல் கழற்றியிருந்த பையன் வந்து, "அண்ணா, முன்னாடி பிரேக் ஹோஸ் லேசா ஈரமா இருக்குதுங்க" என்றான். மணி ஏழு. ஹோஸ் கையிருப்பில் இல்லை. கடை மூடியிருப்பார்கள். "துடைச்சு விடு, போய்ட்டு வந்ததும் மாத்திக்கலாம்" என்று சொன்னது நான்தான். தாராபுரம் தாண்டி பெடல் உள்ளே இறங்கிவிட்டது. டிரைவர் அனுபவசாலி. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, ஓரமாக வேலிக்காட்டில் ஏற்றி நிறுத்திவிட்டார். ஒருவருக்கும் காயமில்லை. உள்ளே இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பையன் கயிற்றை இழுத்தான், நான் அதை அறுத்துவிட்டேன். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் நம் பட்டறையில் சிவப்புத் துணி வந்தது. இப்போது நான்கு பேரிடமும் ஆளுக்கொரு சிவப்புத் துணி இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஸ்டியரிங்கில் கட்டிவிடுவார்கள். கட்டியவர் கையால்தான் அதை அவிழ்க்க வேண்டும். நானே சொன்னாலும் அவிழ்க்கக் கூடாது. நேரமாவது இதனால்தான். பாதி நாட்களில் சின்னக் குறையாகத்தான் இருக்கிறது. மீதி நாட்களில் என்னென்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது உங்கள் பில்லிலேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய 2.5 டீசல் இன்னோவா வாங்கியவர்கள் டைமிங் பெல்ட் விஷயத்தில் மெத்தனமாக இருக்காதீர்கள். டாஷ்போர்டில் அதற்கென்றே விளக்கு இருக்கிறது. ஆனால் பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை மட்டும் அணைத்து விற்றவர்கள் உண்டு. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினைத் திறக்க வேண்டிவரும். மாற்றியதற்குப் பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் சர்வீஸுக்கு வண்டியை ஒரு ராத்திரி விட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம். கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ வெளியூர் போவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னதாகக் கொண்டுவாருங்கள், பாகம் இல்லை என்றால் வரவழைக்க நேரம் கிடைக்கும். கழற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டுப் பின்சீட்டில் வைத்திருப்போம், பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம், அல்லது இங்கேயே விட்டுப் போகலாம். வண்டி எடுக்க வரும்போது ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி இருந்தால் பையன்களிடம் கோபப்படாதீர்கள். யார் கட்டினார்கள் என்று கேளுங்கள், அவரே பானெட்டைத் திறந்து எதற்கு என்று காட்டுவார்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து