பழைய பம்பும் புதிய சென்சாரும்

அன்புள்ள சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். பழைய லாரிக்கே இன்ஜின் வேலை பார்ப்பதா, புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் பி.எஸ். 6 வண்டி வாங்குவதா என்று கேட்டிருந்தாய். பழைய இன்ஜின் நம்மை நடுவழியில் விட்டதே இல்லை என்று நீ எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விட்டது; ஆனால் விட்ட இடத்திலேயே சரிசெய்ய முடிந்தது. டீசல் லைனில் காற்று புகுந்தால் டிரைவரே ஃபில்டரின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை அடங்கி டீசல் தெளிவாக வரும்வரை கைப்பம்பை அடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இன்ஜினுக்கு டீசலை அளந்து தள்ளும் மைக்கோ பம்பில் குறை வந்தால் கரும்புகையும் இழுவைக் குறைவும் பல நாள் முன்பே சொல்லிவிடும்.

புதியது காமன் ரெயில் இன்ஜின்; ‘ரெயில்’ என்ற ஒரே பொதுக் குழாயில் டீசலை அழுத்தத்தில் தேக்கி எல்லா சிலிண்டருக்கும் தருவது. அது அப்படி முன்னறிவிப்புத் தருவது குறைவு. ரெயிலில் அழுத்தம் 1600 பாரையும் (காற்றழுத்தத்தைப்போல் சுமார் 1600 மடங்கு) தாண்டுவதால், பழைய பழக்கத்தில் பைப்பைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலையே துளைத்துவிடும். ஆனாலும் உள்ளே இருக்கும் இரும்பைப் பொறுத்தவரை புதியதே மேல் என்பேன். சூடு ஏறினாலோ ஆயில் அழுத்தம் இறங்கினாலோ இன்ஜினின் கணினியான இசிஎம் தானே இழுவையைக் குறைத்து இன்ஜினைக் காக்கிறது. பழையதில் டிரைவர் மீட்டரைக் கவனிக்காவிட்டால் இன்ஜினின் மேல்பகுதியை அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போன பிறகுதான் தெரியும்.

தொல்லையெல்லாம் இன்ஜினைச் சுற்றியிருப்பவற்றில்தான். என் தம்பி மகனின் வண்டி மழைக்காலத்தில் அடிக்கடி இழுவை இழந்தது. சர்வீஸில் சென்சார்களை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் பார்த்தால், ஒயரிங் கனெக்டரின் உலோக ஊசியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. துடைத்ததும் சரியாயிற்று. டெஃப் இன்னொரு தலைவலி. அது புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றும் 32.5 சதவீத யூரியாக் கரைசல். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து மலிவாக விற்பதை ஊற்றினால், புகையைச் சுத்தப்படுத்தும், விலை உயர்ந்த கேட்டலிஸ்ட் வீணாகும்.

உன் வண்டி நாமக்கல்லிலிருந்து வடக்கே நெடுந்தூரம் போவதென்றால் புதியதையே வாங்கு. கல்குவாரிக்குள் சுற்றுவதென்றால் வேண்டாம். மெதுவான ஓட்டத்தில் சைலன்சரில் உள்ள புகை ஃபில்டர் கரியை எரித்துக்கொள்ளும் அளவுக்குச் சூடு ஏறாமல் அடைத்துக்கொள்ளும். அந்த வேலைக்குப் பழையதன் பம்பைக் கழற்றி டீசல் அளவைச் சரிபார்த்து அமைக்கும் காலிபரேஷனுக்கு அனுப்பினாலே போதும். எப்படியானாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பக்கம் இன்ஜின் கணினி காட்டும் குறைகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்து வேலை பார்க்கத் தெரிந்த மெக்கானிக் யார் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
முருகேசன்